முதல் வாடகை வீட்டுக்கு முதலில் எதை வாங்கினீர்கள்? திருகோணமலை அனுபவங்கள்

உவர்மலை

போன ஆவணியில் நானும் தங்கச்சியும் உவர்மலையில் ஒரு மேல்மாடிக்கு வந்தோம். ஒரு அறை, ஒரு விறாந்தை, ஒரு குசினி. எனக்கு டவுனில் ஒரு கடையில் கணக்கு வேலை. தங்கச்சி கோணேசபுரி கெம்பஸில் முதலாம் வருஷம். வீட்டுக்காரருக்கு ஆறு மாத முற்பணம் கட்டின பிறகு கையில் மிஞ்சினது 55,000 ரூபாய்.

வர முதலே ஃபோனில் ஒரு பட்டியல் எழுதி வைத்திருந்தேன். கட்டில் இரண்டு, மெத்தை, ஃப்ரிட்ஜ், அலுமாரி, சாப்பாட்டு மேசை என்று 23 சாமான். கடைகடையாக விலை கேட்டுக் கூட்டிப் பார்த்தால் கையில் இருந்த காசின் நாலு மடங்கு வந்தது. அந்தப் பதற்றத்தில் ஒரு பிழை விட்டேன். தவணைக்குத் தருகிறோம் என்று ஒரு கடையில் சொன்னதும் மெலமைன் பலகை அலுமாரி ஒன்றுக்குக் கையெழுத்து வைத்துவிட்டேன். அதன் கதையைப் பிறகு சொல்கிறேன்.

அடுத்த நாள் காலமை முதல் பஸ்ஸில் அம்மா சம்பூரிலிருந்து வந்து இறங்கினா. பட்டியலை வாசித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "இதில ராவைக்குச் சமைக்க ஒரு சட்டியும் இல்லையே பிள்ளை" என்றா.

2006 சண்டையில் சம்பூரை விட்டு ஓடினபோது எங்கள் வீட்டிலிருந்து எடுத்தது ஒரு உடுப்புப் பை மட்டும்தான். பிறகு கிளிவெட்டி முகாம், சொந்தக்காரர் வளவுகள் என்று எத்தனை இடம். ஊர் திரும்பக் கிடைத்தபோது கிட்டத்தட்டப் பத்து வருஷம் ஆகியிருந்தது. வெறும் நிலத்தில் குடும்பத்தைத் தொடங்கிய ஆள் அவ. அவவுடைய கணக்கில் நாலே விஷயம்தான்: தண்ணி பிடிக்க, சமைக்க, படுக்க, வெளிச்சம். மிச்சத்தை வீடே கேட்கும், கேட்கிறபோது வாங்கு என்றா.

பெரியகடைப் பக்கமும் மத்திய வீதியிலும் அரைநாள் நடந்தோம். மூடியுள்ள வாளி ஒன்று, மூடியில்லாதது ஒன்று, சோத்துப் பானை, தாச்சி, அகப்பை, கத்தி, திருவலை, தும்புத்தடி, இரண்டு பன்பாய், ஒரு பெரிய நுளம்பு வலை, ஒரு டோர்ச். 16,000 ரூபாய்க்குள் முடிந்தது.

மண்சட்டி வாங்கினதைத்தான் நான் மறக்கமாட்டேன். நான் வடிவாக இருந்த ஒன்றைத் தூக்கினேன். அம்மா அதை வாங்கி இடது உள்ளங்கையில் வைத்து, விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டினா. சத்தம் அடைத்துப் போய் வந்தது. "கீறல் இருக்கு." அடுத்தது, அதற்கடுத்தது. நாலாவது சட்டி ணங் என்றது. அதை வெயிலுக்கு நேரே பிடித்து உள்ளே பார்த்து, அடியைத் தடவிப் பார்த்துத்தான் காசு கொடுத்தா. ஒரு பகலும் ஒரு இரவும் தண்ணிக்குள் ஊறவைத்து, இரண்டு தரம் கஞ்சித்தண்ணி கொதிக்கவைத்த பிறகுதான் அதில் முதல் மீன்குழம்பு. இன்று வரைக்கும் அந்தச் சட்டிதான்.

காஸ் விஷயத்தில் கவனமாக இருங்கள். வீட்டில் சும்மா கிடந்த 5 கிலோ சிலிண்டரை மாமா கொண்டுவந்து தந்தார். ரெகுலேட்டரும் குழாயும் புதிதாக வாங்கினோம். கடைக்காரர் விலை குறைந்த குழாயை நீட்டினார், நானும் வாங்கிவிட்டேன். ஒரு கிழமையில் குசினியில் மணம். சவர்க்காரத் தண்ணி பூசிப் பார்த்தால் குழாய் பூட்டின இடத்தில் குமிழ் குமிழாக வருகிறது. அன்றைக்கே எஸ்.எல்.எஸ். என்கிற இலங்கைத் தர முத்திரை உள்ளதாகப் பார்த்து மாற்றினேன். பணம் மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் இது இல்லை.

இப்போது அலுமாரி. எங்கள் அறை ஜன்னல் கடல் பக்கம். கார்த்திகை மழை காற்றோடு சரிந்து அடித்ததில் நிலம் இரண்டு நாள் ஈரம். அலுமாரியின் அடிப்பலகை தேத்தண்ணியில் தோய்த்த பாண் மாதிரி ஊதி, கதவு மூடமுடியாமல் போனது. மேலே ஒட்டியிருந்த தாளும் உரிந்துவிட்டது. தவணை மட்டும் மாதாமாதம் போகிறது. ஒரு மழைக்காலம் இந்த வீட்டில் இருந்து பார்த்துவிட்டு வாங்கியிருந்தால் எந்தச் சுவரில் தண்ணி வரும் என்று தெரிந்திருக்கும். இரும்பு வாங்குவதென்றாலும் கடற்காற்றை யோசியுங்கள். கீழ்வீட்டு அக்காவின் இரும்புக் கட்டில் இரண்டு வருஷத்தில் காலடியில் துருப்பிடித்துப் பொரிந்து நிற்கிறது.

மற்றவர்கள் எப்படிச் சமாளித்தீர்கள்? ஃப்ரிட்ஜ் இப்போது வாங்கலாமா?

பாலையூற்று

தங்கச்சி, நான் வயரிங் வேலை செய்கிறவன். ஃப்ரிட்ஜ் வாங்க முதல் கரண்ட் பில்லைக் கணக்குப் பாருங்கள். மாதம் 60 அலகுக்குள் நின்றால் ஒரு விலை. 60ஐத் தாண்டினால் முதல் அலகிலிருந்தே கூடின விலை, நிலையான கட்டணமும் ஏறும். 70 வாட் ஃபேன் ஒன்று இரவில் பத்து மணித்தியாலம் ஓடினால் மாதம் 21 அலகு. இரண்டு ஃபேன் என்றால் 42. றைஸ் குக்கர், அயன், லைட் எல்லாம் சேர 60ஐத் தொட்டு நிற்பீர்கள். சின்ன ஃப்ரிட்ஜ் நாளுக்கு ஒரு அலகு எடுத்தாலே எல்லை தாண்டிவிடும். ஆகவே ஃப்ரிட்ஜின் விலை கடையில் கொடுக்கிற காசு மட்டும் இல்லை. காலமையில் சந்தையில் மீன் வாங்கி அன்றைக்கே சமைக்க முடிகிறவர்களுக்கு ஒரு வருஷம் பொறுக்கலாம்.

பழைய ஃப்ரிட்ஜ் வாங்குகிறவர்களுக்கு என் அனுபவம். கலியாணம் கட்டின புதிதில் ஒரு வீட்டில் 20,000 ரூபாய்க்கு எடுத்தேன். போட்டுக் காட்டினார்கள், மோட்டர் ஓடியது, பட்டா லொறியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன். ஓடுவதும் குளிர்வதும் வேறு வேறு. இரண்டு மணித்தியாலம் நின்று பார்த்திருக்கவேண்டும். காஸ் அடிக்க, கதவு றப்பர் மாற்ற என்று இன்னும் 14,000 போனது. கதவுக்குள் ஒரு கடதாசியை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். லேசாக வழுக்கி வந்தால் றப்பர் செத்துப்போச்சு.

இன்னொன்று. பழைய வீடுகளில் 5 அம்பியர் உருண்டைத் துளை பிளக்தான் இருக்கும். இப்போது வருகிற கேத்தில், அயன் எல்லாம் 13 அம்பியர் சதுரக் கால். இடையில் அடப்டர் போட்டுக் கேத்தில் ஓட்டாதீர்கள். உருகின அடப்டர் எத்தனையோ கழற்றியிருக்கிறேன். வீடு எடுக்கும்போதே குசினியில் ஒரு 13 அம்பியர் பிளக் போட்டுத் தரச் சொல்லி வீட்டுக்காரரிடம் கேளுங்கள். முற்பணம் கொடுக்க முதல் கேட்டால் செய்வார்கள்.

கிண்ணியா

எனக்கு உப்புவெளியில் வேலை. சுற்றுலா சீசன் முடிந்ததும் தங்குமிடங்களில் பழைய மெத்தை, ஃபேன், பிளாஸ்டிக் கதிரை என்று கொஞ்சம் விற்பார்கள். புரட்டாசியில் நான் ஒரு மேசையும் நாலு கதிரையும் ஒரு ஸ்டாண்ட் ஃபேனும் 11,000க்கு எடுத்தேன். மூன்றும் நல்ல சாமான்.

மெத்தையை மட்டும் உம்மா வீட்டுக்குள் எடுக்க விடவில்லை. வாசலிலேயே தையல் ஓரத்தை விரித்து டோர்ச் அடித்துப் பார்த்தா. மூட்டைப்பூச்சியின் கறுப்புப் புள்ளிகள் வரிசையாக இருந்தன. திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். பிறகு சம்பளத்தில் சேர்த்துப் புதிய தும்பு மெத்தை வாங்கும் வரைக்கும் மூன்று மாதம் பாயில்தான். கச்சான் என்கிற சூட்டுக் காற்று அடிக்கிற காலத்தில் சீமெந்து நிலத்தில் பாய் போட்டுப் படுத்தால் அதுதான் சுகம். மழை தொடங்கினால் அந்த நிலமே குளிர்ந்து முதுகைப் பிடிக்கும். மார்கழிக்கு முதல் ஏதாவது ஒரு மெத்தை எடுத்துவிடுங்கள்.

உவர்மலை

பாலையூற்று அண்ணா, பில்லை எடுத்துப் பார்த்தேன். போன மாதம் 54 அலகு. ஃப்ரிட்ஜைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். குசினிப் பிளக் விஷயத்தை வீட்டுக்காரரிடம் இன்றைக்கே கேட்டேன், ஆளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், காசைத் தானே தருவதாகச் சொன்னார்.

கிண்ணியா நானா, நிலம் குளிர்கிறது என்று தங்கச்சியும் ஒரு கிழமையாகச் சொல்கிறாள். அம்மா ஊரிலிருந்து பழைய சீலைகளை மடித்துத் தைத்து ஒரு விரிப்பு அனுப்பியிருக்கிறா. பாய்க்கு மேல் அதைப் போட்டுப் படுக்கிறோம். அலுமாரியின் கடைசித் தவணை தையோடு முடிகிறது. மாசிச் சம்பளத்தில் தும்பு மெத்தை.