ஆன்டிபயாடிக் ஓடும்போது தயிர் போதுமா, புரோபயாடிக் வேணுமா?

தயிர்சாதம்:
அமாக்ஸிசிலின்-கிளாவுலானிக் அமிலம், தினம் 2 வேளை, 7 நாள். கூடவே புரோபயாடிக் (குடலுக்கு நல்லது செய்யும் உயிருள்ள நுண்ணுயிர்) எடுத்தால் அதையும் மருந்து கொன்றுவிடாதா? சின்ன வெங்காயம், பூண்டு, வாழைக்காய் எல்லாம் ப்ரீபயாடிக் (அந்த நல்ல நுண்ணுயிர்களுக்கு உணவாகும் நார்) என்கிறார்களே, அதையும் இப்பவே கூட்டலாமா?

மருந்துச்சீட்டு:
புரோபயாடிக்கில் இருக்கும் லாக்டோபேசிலஸ் வகை பாக்டீரியா பெரும்பாலும் சாகும். அதனால்தான் மாத்திரைக்கும் அதுக்கும் 2 மணி நேரம் இடைவெளி விடச் சொல்வது. அந்தக் கணக்கே வேண்டாம்னா சாக்கரோமைசிஸ் பவுலார்டி இருக்கு. அது பாக்டீரியா இல்லை, ஈஸ்ட்; ஆன்டிபயாடிக் அதை ஒண்ணும் செய்யாது. பெரியவங்களுக்கு வழக்கமா 250 மி.கி., 2 வேளை. வயிறு போக ஆரம்பிச்ச பிறகு இல்லை, முதல் நாளிலிருந்தே. தூளைச் சூடான பாலில் கலந்தா ஈஸ்ட் செத்துப்போகும். ஃப்ளூகோனசோல் மாதிரி பூஞ்சை மருந்து சாப்பிடுறவங்களுக்கும் வீண். கீமோவில் இருப்பவங்க, பெரிய ரத்தக்குழாயில் குழாய் போட்டிருப்பவங்க தொடவே கூடாது. ஈஸ்ட் ரத்தத்தில் கலந்துவிடும்.

இன்னொண்ணு: இந்த மருந்தில் கிளாவுலானிக் அமிலமே குடலை விரட்டும். சாப்பாடு ஆரம்பிக்கும்போதே மாத்திரையைப் போடுங்க, தொந்தரவு குறையும்.

மோர்ச்சட்டி:
தயிர் நல்லதுதான், ஆனா வீட்டுத் தயிரில் எந்த வகை, எத்தனை கோடி உயிர் இருக்குன்னு யாரும் சொல்ல முடியாது. மருந்துக்கு மாற்றாக நினைக்காதீங்க. காய்ச்சிய பால் விரல் பொறுக்கும் சூட்டுக்கு (40–43 டிகிரி) வந்ததும் அரை லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் உறை. ரொம்பச் சூட்டில் ஊத்தினா உறை செத்துத் தயிர் சரியா உறையாது. மோர்க்குழம்பு, இட்லி ரெண்டிலும் உயிர் மிஞ்சாது, புளிப்புதான் மிஞ்சும். உங்க மருந்தோடு தயிர் சாப்பிடலாம். சிப்ரோஃப்ளாக்ஸசின்னா விஷயம் வேறே: தயிரின் கால்சியம் மருந்தைப் பிடிச்சுக்கும். மாத்திரை போட்டு 2 மணி நேரம் கழிச்சுத்தான் தயிர்.

வெங்காயம், பூண்டு இப்ப கூட்டாதீங்க. அதிலிருக்கும் ஃபிரக்டான் என்ற நார் நம்ம குடலில் செரிக்காது. பெருங்குடலில் நொதிச்சுக் காற்றாகும், தண்ணியையும் இழுக்கும். ஏற்கெனவே இளகின வயித்துக்கு அது வேண்டாத வேலை. மலம் கெட்டியானதும் தினம் 2 சின்ன வெங்காயம், 4 நாளுக்கு ஒருமுறை கொஞ்சம் கூட்டுங்க. இனுலின் (இதுவும் ஃபிரக்டான் வகை ப்ரீபயாடிக்தான்) தூளா இருந்தா 2 கிராமில் ஆரம்பம். எடுத்த எடுப்பில் 10 கிராம் போட்டவங்கதான் "ப்ரீபயாடிக் ஒத்துக்கலை"னு விட்டுடுறாங்க.

நுண்ணோக்கி:
மருந்து முடிஞ்ச பிறகும் மாதக்கணக்கில் கேப்சூல் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. 2018-இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனம் செய்த ஆய்வில், ஆன்டிபயாடிக்குக்குப் பின் 11 வகை புரோபயாடிக் கலவை எடுத்தவங்களுக்குச் சொந்த நுண்ணுயிர்கள் திரும்பி வர, ஒண்ணுமே எடுக்காதவங்களைவிட அதிக நாள் ஆச்சு. 21 பேரை மட்டும் வைத்த சின்ன ஆய்வுதான், ஆனாலும் யோசிக்க வைக்குது.

ஒரே நாளில் தண்ணியா 3 தடவையோ அதுக்கு மேலோ போனாலோ, ரத்தம், காய்ச்சல் இருந்தாலோ புரோபயாடிக்கை நம்பி உட்காராதீங்க. குளோஸ்ட்ரிடியாய்ட்ஸ் டிஃபிசைல் (ஆன்டிபயாடிக்குக்குப் பின் பெருங்குடலில் பெருகும் கெட்ட பாக்டீரியா) தொற்றா இருக்கலாம். வயித்துப்போக்கை நிறுத்தும் லோபெரமைடு மாத்திரையும் போடாம டாக்டரைப் பாருங்க.