கொம்புச்சா கிட்: ஒருமுறை காடி, ஒருமுறை பூஞ்சை, பாட்டிலில் கேஸும் இல்லை. எங்கே தப்புகிறது?

மஞ்சக்காடு, பெருந்துறை:

வணக்கமுங்க. கொம்புச்சா, அதாவது இனிப்பு டீயைப் புளிக்கவைத்துச் செய்கிற பானம், அதற்கான கிட் ஒன்று வாங்கி வீட்டில் போட்டுப் பார்க்கிறேன். மூன்று லிட்டர் கண்ணாடி ஜாடி, கொஞ்சம் புளித்த நீரோடு பாக்கெட்டில் ஸ்கோபி (புளிக்கிற டீயின் மேல் படியும் தட்டு மாதிரியான தோல்), டீத்தூள், சர்க்கரை, வாய் கட்ட வலைத்துணி, புளிப்பு பார்க்கும் பிஎச் பேப்பர் (எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்) எல்லாம் அதில் வந்தது. கடையில் வாங்கும் கலர் பாட்டிலை வீட்டில் நிறுத்த வேண்டும், அதுக்குத்தான் இவ்வளவும்.

முதலில் தாளில் இருந்தபடியே செய்தேன். 7 முதல் 14 நாள் வைக்கச் சொல்லியிருந்தது. ஏழாம் நாளே வாயில் வைக்க முடியாத புளிப்பு, சுத்தமாகக் காடி. சரி என்று மாம்பழத் துண்டு போட்டுப் பாட்டிலில் அடைத்தேன். மற்றதிலெல்லாம் கேஸே இல்லை, ஒன்று மட்டும் திறந்ததும் பொங்கிப் பாதி தரைக்குப் போய்விட்டது.

அடுத்த தடவை வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் நாட்டுச் சர்க்கரை. இந்தமுறை புளிப்பே ஏறவில்லை. மேலே வட்டமாக வெள்ளையாக ஒன்று வந்து, நடுவில் பச்சையாகிவிட்டது. ஸ்கோபியைக் கழுவித் திரும்பப் போடலாமா? கிட்டே சரியில்லையா, இல்லை இந்த வெயிலா? தெரிந்தவங்க சொல்லுங்க.

நொய்யல்கரை, திருப்பூர்:

கழுவிப் போடாதீங்க அக்கா. பூஞ்சை வந்துவிட்டால் ஸ்கோபியும் நீரும் மொத்தமாகப் போய்த்தான் ஆக வேண்டும். மேலே தெரிவது கொஞ்சம்தான், அதன் இழைகள் உள்ளே இறங்கியிருக்கும். சில பூஞ்சைகள் விடும் நச்சு நீரிலும் கலந்துவிடும். கரண்டியால் வழித்துப் போட்டுவிட்டு மீதியைக் குடிக்கவே கூடாது. ஜாடியைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவி வெயிலில் காயவைத்து எடுங்கள்.

உங்களுடையது பச்சை என்பதால் சந்தேகமே இல்லை. ஆனால் வெறும் வெள்ளையைப் பார்த்துப் பயந்து நல்லதைக் கொட்டுகிறவர்களும் உண்டு. புதுத் தோல் படியும்போது முதலில் அங்கங்கே வெள்ளைத் திட்டாகத்தான் வரும். அது ஈரமாக, வழவழப்பாக இருக்கும். கீழே தொங்கும் பழுப்பு நூல் ஈஸ்ட், அதனால் ஒன்றும் கெடுதல் இல்லை. பூஞ்சை நீர்மட்டத்துக்கு மேலே காய்ந்து நிற்கும். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு ஜாடியின் பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள், முடி முடியாக நின்றால் அது பூஞ்சை.

இன்னொன்று, அந்த வலைத்துணி வேண்டாம். பழ ஈ நுழைந்து முட்டை வைத்துவிடும். பனியன் துணியும் ஆகாது, இழுத்துக் கட்டினால் கண் திறந்துகொள்ளும். நெருக்கமாக நெய்த பழைய வேட்டித் துணியை இரண்டாக மடித்துக் கட்டுங்கள். காற்று போகும், ஈ போகாது.

சிறுவாணி, கோவை:

அம்மிணி, மூன்று விஷயம் சொன்னால்தான் சரியாகச் சொல்ல முடியும். இரண்டாவது தடவை பழைய புளித்த நீர் எவ்வளவு விட்டீங்க? தண்ணி எந்தத் தண்ணி? ஜாடியில் ஊற்றின அன்றைக்கு பிஎச் பேப்பர் என்ன காட்டியது?

மஞ்சக்காடு, பெருந்துறை:

அண்ணா, பழைய நீரை எல்லாம் பாட்டிலில் அடைத்துவிட்டதால் ஸ்கோபியோடு ஒரு டம்ளர்தான் மிஞ்சியது. தண்ணி முதல் தடவை கேன் தண்ணி, இரண்டாவது போர் தண்ணி காய்ச்சி ஊற்றினேன். பேப்பர் 5க்கும் 6க்கும் நடுவில் இருந்தது.

சிறுவாணி, கோவை:

அப்போ கிட் மேல் தப்பில்லைங்க. பூஞ்சைக்குக் காரணம் அந்த 5க்கு மேற்பட்ட பிஎச்தான். ஊற்றின அன்றே 4.5க்குக் கீழே இருக்க வேண்டும், 4 பக்கம் இருந்தால் இன்னும் நல்லது. அந்தப் புளிப்புதான் முதல் இரண்டு மூன்று நாளுக்குக் காவல். அந்தக் காவல் இல்லாவிட்டால் இனிப்பு டீயில் முதலில் பூஞ்சைதான் குடியேறும்.

புளிப்பைக் கொடுப்பது ஸ்கோபி தட்டு இல்லை, பழைய நீர். எல்லோரும் தட்டைத்தான் பொக்கிஷமாக வைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அது பாக்டீரியா நெய்யும் செல்லுலோஸ். ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் நீரிலேயே வேண்டியமட்டும் இருக்கின்றன. லிட்டருக்கு 100 மில்லியாவது பழைய நீர் வேண்டும், 150 என்றால் நிம்மதி. மூன்று லிட்டருக்குக் கிட்டத்தட்ட அரை லிட்டர். கிட்டில் அவ்வளவு வருவதே இல்லை. அதனால் புது கிட் வாங்கினால் முதலில் ஒரு லிட்டர் மட்டும் போடுங்கள். அது நன்றாகப் புளித்ததும் குடிக்காமல் அப்படியே மூன்று லிட்டருக்கு விதையாக ஊற்றுங்கள். அதன்பிறகு ஒவ்வொரு தடவையும் அடைப்பதற்கு முன்னால் அரை லிட்டரைத் தனியே எடுத்து வைத்துவிட வேண்டும்.

அடுத்தது தண்ணி. நம் பக்கத்துப் போர் தண்ணியில் பைகார்பனேட் அதிகம். சுடுதண்ணிப் போசியின் அடியில் வெள்ளையாகப் பொருக்கு படிகிறதே, அது இதனால்தான். நுண்ணுயிர் உண்டாக்குகிற அமிலத்தை அது உடனுக்குடன் சமன்செய்துவிடும், பிஎச் இறங்கவே இறங்காது. காய்ச்சினால் கொஞ்சம் பொருக்காகப் படிந்து குறையும், முழுக்கப் போகாது. குழாயில் வரும் ஆற்றுத் தண்ணியைக் கொதிக்கவைத்து ஆற்றி ஊற்றினால் போதும், குளோரினும் போய்விடும். அது வராத ஊரில் கேன் தண்ணியோ ஆர்ஓ தண்ணியோ ஊற்றலாம்.

அளவு: லிட்டருக்கு 60, 70 கிராம் சர்க்கரை, 6 கிராம் டீ. கிட் டீ தீர்ந்ததும் வீட்டு டஸ்ட் டீயைப் போடாதீங்க, கலங்கலாகிக் கசக்கும். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் கிடைக்கும் இலையாக இருக்கிற ஆர்த்தடாக்ஸ் டீயாகப் பாருங்கள். ஏலக்காய், மசாலா கலந்த டீ கூடாது, அந்த எண்ணெய் நுண்ணுயிருக்கு ஆகாது.

ஏரிமேடு, கவுந்தப்பாடி:

நாட்டுச் சர்க்கரை பற்றி ஒரு வார்த்தை. பழனி பஞ்சாமிர்தத்துக்கு எங்க ஊர்ச் சர்க்கரைதான் போகிறது, அதன் தரத்தில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. ஆனால் கரும்புப்பால் காய்ச்சும்போது அழுக்கெடுக்கச் சுண்ணாம்பு விடுவது ஆலையில் வழக்கம். சுண்ணாம்பு காரம், பிஎச்சை மேலே தூக்கும். நிறம் வெளுக்க ஹைட்ராஸ் போட்ட சர்க்கரையாக இருந்தால் அதிலிருக்கும் கந்தகம் வேறு ஈஸ்ட்டை அடக்கும். போர் தண்ணியோடு இதுவும் சேர்ந்ததால்தான் அக்காவுக்கு அவ்வளவு ஏறியிருக்கிறது.

அதுக்காக நாட்டுச் சர்க்கரையே கூடாது என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். ஜாடிக்கு வெள்ளைச் சர்க்கரை, பாட்டிலுக்கு நாட்டுச் சர்க்கரை என்று வைத்துக்கொள்ளுங்கள். பாட்டிலில் போடும்போது புளிப்பு ஏற்கெனவே ஏறியிருக்கும், அதை ஒன்றும் செய்யாது. இஞ்சியோடு சேர்ந்தால் அதன் மணம் அருமையாக நிற்கும். மருந்து போடாத கருஞ்சிவப்புச் சர்க்கரையாகப் பார்த்து வாங்குங்கள்.

கோபிக்காரன், மெல்பர்ன்:

சொந்த ஊர் கோபி, இப்போது ஆஸ்திரேலியாவில் இருக்கிறேன். இங்கே வீட்டில் பீர் போட்டுக்கொள்ளச் சட்டத்தில் தடையில்லை, அதனால் பீர் கிட் வைத்து நிறையப் பழகியிருக்கிறேன். அங்கே கற்றது அப்படியே இதற்கும் பொருந்தும். கிட்டில் போட்டிருக்கும் நாள் கணக்கை நம்பக் கூடாது, சூட்டைப் பார்க்க வேண்டும்.

பீருக்கான சாதாரண ஏல் ஈஸ்ட்டுக்கு 18 முதல் 20 டிகிரி. கொம்புச்சாவுக்கு 24 முதல் 28. ஈரோட்டுச் சித்திரையில் வெளியே 40ஐத் தாண்டும், ராத்திரியில்கூட வீட்டுக்குள் 30க்குக் கீழே இறங்காது. கோடையில் இட்லி மாவு பொழுதுக்குள் பொங்குகிற மாதிரிதான் இதுவும். ஈஸ்ட் சர்க்கரையை உடைத்து ஆல்கஹாலும் கேஸும் ஆக்குகிறது, பாக்டீரியா காற்றை எடுத்துக்கொண்டு அந்த ஆல்கஹாலைக் காடியாக்குகிறது. சூட்டில் இரண்டும் விரட்டி விரட்டி வேலை செய்யும், அதனால்தான் ஏழாம் நாளே காடி.

ஏசி வேண்டாம். அகலமான பேசினில் நாலு விரல் தண்ணி விட்டு, நடுவில் ஜாடியை வைத்து, ஈரத் துணியைச் சுற்றி அதன் நுனி தண்ணியில் மூழ்கும்படி விடுங்கள். வாய் கட்டிய துணி மட்டும் காய்ந்தே இருக்கட்டும், அது நனைந்தால் பூஞ்சை வரும். கொங்குப் பக்கத்துக் காற்று வறண்ட காற்று, நாலைந்து டிகிரி இறங்கும். சென்னையில் இது அவ்வளவு எடுபடாது. நாலாம் நாளிலிருந்து ஸ்ட்ரா விட்டுத் தினமும் ருசி பாருங்கள். இனிப்பு கொஞ்சம் மிச்சம் இருக்கும்போதே, பிஎச் 3க்கும் 3.5க்கும் நடுவில் அடைத்துவிட வேண்டும்.

கேஸ் ஏறாததற்குக் காரணம், ஈஸ்ட் அடியில் தங்கிவிடுகிறது. மேல் நீரை மொண்டு ஊற்றின பாட்டிலில் ஈஸ்ட்டே இருக்காது, கடைசியாக அடி வண்டலோடு ஊற்றினது பொங்கும். உங்களுக்கு ஒன்று மட்டும் பொங்கியது அதனால்தான் இருக்கும். அடைப்பதற்கு முன்னால் ஒருமுறை கலக்கிவிடுங்கள். மாம்பழத் துண்டை உத்தேசமாகப் போடாமல் சர்க்கரையை நிறுத்துப் போடுங்கள். பீருக்கு லிட்டருக்கு 6, 7 கிராம்தான் கணக்கு, இதற்கும் அங்கிருந்தே ஆரம்பிக்கலாம்.

பாட்டில் விஷயத்தில் மட்டும் தயவுசெய்து விளையாட வேண்டாம். அழகுக்கு விற்கும் சதுரக் கண்ணாடி பாட்டில் அழுத்தம் தாங்காது, வெடித்தால் கண்ணுக்கு ஆபத்து. சோடாவுக்கென்றே செய்த பாட்டில் மட்டும். கூடவே ஒரு பிளாஸ்டிக் சோடா பாட்டிலிலும் அடைத்து வையுங்கள். அதை அமுக்கிப் பார்த்துக் கல்லாக இருந்தால் எல்லாவற்றையும் உடனே ஃபிரிட்ஜுக்கு மாற்றுங்கள். நம்ம ஊர்ச் சூட்டில் ஒன்றிரண்டு நாளே போதும்.

தோட்டத்துச்சாளை, காங்கேயம்:

பீர் கிட் என்றதும் கேட்கிறேனுங்க. இங்கே வரவழைத்துச் செய்யலாமா?

சிறுவாணி, கோவை:

கூடாதுங்க. தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937இன்படி உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம், வீட்டுக்குடிக்கு என்றாலும் அதேதான். அதை விட்டுவிடுங்கள்.

கொம்புச்சாவிலும் கொஞ்சம் ஆல்கஹால் உண்டு. வீட்டில் போடுவதில் அது அரை சதவீதத்தைத் தாண்டவும் செய்யும், பாட்டிலில் சர்க்கரை அதிகம் போட்டுச் சூட்டில் விட்டால் இன்னும் ஏறும். அதனால் கேஸ் ஏறினதும் ஃபிரிட்ஜ், சீக்கிரம் குடித்து முடிப்பது. கலருக்குப் பதில் என்று மஞ்சக்காடு அம்மிணி சொன்னது எனக்கு அப்போதே உறுத்தியது. சின்னப் பிள்ளைகளுக்கும், மாசமாக இருப்பவர்களுக்கும், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும் கொடுக்காதீங்க. பெரியவர்களும் அரை டம்ளரில் ஆரம்பிக்கலாம். பித்தளை, செம்புப் பாத்திரத்தில் ஊற்றி வைக்கவும் கூடாது, புளிப்பு உலோகத்தை அரித்துவிடும்.

மஞ்சக்காடு, பெருந்துறை:

எல்லோருக்கும் நன்றிங்க. பழசைக் கொட்டிவிட்டேன். திருப்பூரில் சொந்தக்காரங்க வீட்டிலிருந்து அரை லிட்டர் புளித்த நீர் கிடைத்தது. ஆற்றுத் தண்ணி, வெள்ளைச் சர்க்கரை, ஈரத் துணி. பேப்பர் முதல் நாளே 4 காட்டியது. ஐந்தாம் நாள் ருசி சரியாக இருந்ததால் இஞ்சியும் நாட்டுச் சர்க்கரையும் போட்டு அடைத்தேன். பிளாஸ்டிக் பாட்டில் மறுநாள் பொழுதோட கல்லாகிவிட்டது. எல்லாப் பாட்டிலிலும் ஒரே மாதிரி கேஸ். பிள்ளைகளுக்கு எலுமிச்சை சோடா தனியாகப் போட்டுக் கொடுத்துவிடுகிறேன்.

ஒரே ஒரு சந்தேகம். பங்குனியில் பண்ணாரி குண்டத்துக்குப் போனால் அம்மா வீட்டில் பத்துப் பதினைந்து நாள் தங்கிவிடுவோம். ஸ்கோபியை ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுப் போகலாமா?

நொய்யல்கரை, திருப்பூர்:

ஃபிரிட்ஜ் வேண்டாம் அக்கா. குளிரில் பாக்டீரியா மந்தமாகிவிடும், திரும்ப வெளியே எடுத்துப் போடும்போது பூஞ்சை முந்திக்கொள்ளும். கிளம்புகிற அன்று புது இனிப்பு டீ போட்டு, வழக்கத்தைவிட இரண்டு பங்கு பழைய நீர் விட்டு, வெயில் படாத மூலையில் துணி கட்டி வைத்துவிட்டுப் போங்கள். ஒரு மாதம் ஆனாலும் சாகாது. திரும்பி வரும்போது நல்ல காடியாகியிருக்கும். அதைக் குடிக்க வேண்டாம், அடுத்த ஜாடிக்கு விதை நீராக எடுத்துக்கொள்ளுங்கள்.