நேர்காணல் விடைகள்: எழுதி உருப்போடுவதா, குறிப்பு வைத்துப் பேசிப் பழகுவதா?

எழுத்தாணி:
"மனப்பாடம் வேண்டாம், இயல்பாகப் பேசு" என்று எங்கே பார்த்தாலும் ஒரே பாட்டு. எனக்கு உடன்பாடில்லை. இயல்பாகப் பேசுகிறேன் என்று போகிறவர்கள் "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்ற முதல் கேள்விக்கே பள்ளிப் படிப்பில் தொடங்கி நாலு நிமிடம் இழுத்துவிடுகிறார்கள். எழுதி வைத்தால் 90 நொடியில் முடியும். இப்போது பார்க்கும் வேலை, அதில் எண்ணோடு சொல்லக்கூடிய இரண்டு காரியங்கள், இந்தப் பணிக்கு ஏன் விண்ணப்பம். அவ்வளவுதான். வரக்கூடிய பதினைந்து கேள்விகளுக்கும் இப்படி எழுதி உருப்போட்டால் பதற்றத்திலும் வாய் தானாகப் பேசும்.

துலாக்கோல்:
முதல் கேள்விக்குச் சரி. பதினைந்துக்கும் என்றால் கேள்வி கொஞ்சம் திரும்பினாலே ஆட்டம் காணும். "சக ஊழியரோடு கருத்து வேறுபாடு வந்தபோது என்ன செய்தீர்கள்?" என்பதற்கு உருப்போட்டவரிடம், "மேலாளரின் முடிவு தவறு என்று தோன்றியபோது?" என்று கேட்டுப் பாருங்கள். பழைய விடையையே ஒப்பிப்பார். நடுவில் ஒரு சொல் மறந்தால் பின்னால் வரும் நாலு வாக்கியமும் சேர்ந்து போய்விடும்.

அதற்குப் பதில் ஆறிலிருந்து எட்டு சம்பவங்களைத் தயார் செய்யலாம். ஒரு தாளில் கட்டம் போடுங்கள். இடப்பக்கம் சம்பவங்கள், மேலே வேலை அறிவிப்பில் கேட்டிருக்கும் திறன்கள். எது எதற்குப் பொருந்துமோ அங்கே ஒரு டிக். டிக்கே விழாத திறன் இருந்தால் இன்னொரு சம்பவம் தேட வேண்டும். எல்லா டிக்கும் ஒரே சம்பவத்தில் விழுந்தால் அதுவும் ஆபத்துதான். மூன்றாவது முறை அதையே சொல்லும்போது கேட்பவர் பேனாவைக் கீழே வைத்துவிடுவார்.

எழுத்தாணி:
பெரிய நிறுவனங்கள் எல்லோரிடமும் ஒரே கேள்விப் பட்டியலைத்தானே கேட்கின்றன? அப்படியானால் உருப்போட்டவனுக்குத்தானே லாபம்?

மதிப்பெண்தாள்:
கேள்வி ஒன்றுதான். அதைத் தொடர்ந்து வரும் துருவல் ஆளுக்கு ஆள் மாறும். இப்படி எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்கும் கட்டமைத்த நேர்காணலில் ஒவ்வொரு கேள்விக்கும் பெரும்பாலும் 1 முதல் 5 வரை மதிப்பெண் இருக்கும், எதற்கு 2, எதற்கு 4 என்ற விளக்கமும் பக்கத்திலேயே அச்சாகியிருக்கும். நீங்கள் பேசும்போது அவர்கள் குனிந்து எழுதுவது அந்தச் சான்றுகளைத்தான். "நாங்கள் செய்தோம், எங்கள் குழு முடித்தது" என்றே போனால் எழுத ஒன்றும் கிடைக்காது. உடனே "அதில் உங்கள் பங்கு என்ன? வேறு வழியை ஏன் எடுக்கவில்லை?" என்று வரும். உருப்போட்டவர் நிற்பது இங்கேதான்.

இந்த முறையை நிறுவனங்கள் விட மாட்டா. உளவியலாளர்கள் ஷ்மிட், ஹண்டர் இருவரும் 1998-இல் பல ஆய்வுகளைச் சேர்த்து வெளியிட்ட தொகுப்பாய்வில், வேலைத்திறனை முன்கணிப்பதில் கட்டமைத்த நேர்காணலின் தொடர்புக் கெழு (1-ஐ நெருங்க நெருங்கக் கணிப்பு துல்லியம்) 0.51, கட்டமைக்காததற்கு 0.38. 2022-இல் சாக்கெட் என்ற ஆய்வாளரின் குழு மறுகணக்குப் போட்டபோது 0.51 என்பது 0.42 ஆகக் குறைந்தது, ஆனால் தேர்வு முறைகளில் முதலிடத்துக்கு வந்தது.

விடையின் அளவு இரண்டு நிமிடம். சூழலுக்கு 20 நொடி, உங்கள் பொறுப்புக்கு 10, செய்ததற்கு 60–70, விளைவுக்கு 20. பெரும்பாலானோர் சூழலிலேயே ஒன்றரை நிமிடத்தைத் தின்றுவிட்டு, செய்ததை ஒரே வரியில் முடிக்கிறார்கள். மதிப்பெண் முழுக்க அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது!

எழுத்தாணி:
சரி, சம்பவங்களையே எழுதி வைக்கிறேன். எழுத்தை மட்டும் விடச் சொல்லாதீர்கள்.

துலாக்கோல்:
எழுதுவதில் தவறே இல்லை, எழுதியதைத் திரும்பத் திரும்ப வாசிப்பதில்தான் கோளாறு. ரோடிகர், கார்ப்பிக் என்ற உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட சோதனையில், மறுபடி மறுபடி படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, படித்ததை மூடிவைத்து நினைவிலிருந்து எடுத்துப் பார்த்தவர்கள் முந்தினார்கள். ஆகவே ஒரு அட்டைக்கு ஒரு சம்பவம், ஐந்தாறு சொல் மட்டும். அட்டையைக் கவிழ்த்துவிட்டு வாய்விட்டுச் சொல்லுங்கள், கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். மறுநாள் அதே சம்பவத்தை வேறு கேள்விக்கு விடையாகச் சொல்லிப் பாருங்கள். பதிவைக் கேட்கும்போது கவனிக்க வேண்டியவை இரண்டே: "நான்" எங்கே தொடங்குகிறது, எண் எங்கே வருகிறது.

வளையொலி:
பதிவுசெய்யும் காணொளி நேர்காணலை மறந்துவிட்டீர்களே. எதிரே ஆள் கிடையாது, துருவல் கேள்வி கிடையாது. திரையில் கேள்வி வரும், யோசிக்கப் பெரும்பாலும் 30 நொடி, பேச ஒன்றரை அல்லது இரண்டு நிமிடம், அதன்பின் பதிவு தானாக நின்றுவிடும். இதற்கு எழுத்தாணி சொல்வது பாதி பொருந்தும். ஆனால் திரையைப் பார்த்து வாசித்தால் கண் இடமும் வலமும் ஓடுவது பளிச்சென்று தெரியும். கேமராவுக்கு ஒட்டினாற்போல் மூன்றே சொல் எழுதிய சீட்டு போதும். மடிக்கணினிக்கு அடியில் புத்தகங்களை அடுக்கிக் கேமராவைக் கண்மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். வெளிச்சம் முன்னாலிருந்து விழட்டும். விளைவை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள், நேரம் தீர்ந்தாலும் முக்கியமானது பதிவாகியிருக்கும்.

எழுத்தாணி:
பாதியாவது ஒப்புக்கொண்டீர்களே! சம்பளக் கேள்விக்கும் குறிப்பட்டைதானா?

மதிப்பெண்தாள்:
அதை மட்டும் சொல் பிசகாமல் உருப்போடுங்கள். முன்கூட்டியே இரண்டு எண் வேண்டும்: வாய்விட்டுச் சொல்லும் எண், அதற்குக் கீழே போனால் வேலையே வேண்டாம் என்னும் எண். இரண்டாவது உங்களோடு இருக்கட்டும். முதல் எண்ணைச் சொன்னதும் வாயை மூடுங்கள். பேச்சு நின்ற அந்தச் சில நொடி தாங்காமல் "கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை" என்று தாமாகவே இறங்கிவிடுகிறவர்கள்தான் அதிகம்.

எழுத்தாணி:
ஆக, முதல் கேள்வியும் சம்பளமும் என் கட்சி. நடுவில் இருப்பதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.