ரோபோ வேக்குவம் கிளீனர் வாங்கும்போது முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

கேள்வி

வணக்கம். எங்கள் வீட்டிற்கு ஒரு ரோபோ வேக்குவம் கிளீனர் வாங்க எண்ணியுள்ளோம். கூடம், சமையலறை, மூன்று படுக்கையறைகள் என எல்லாமே ஒரே தளத்தில் உள்ளன. தரை முழுவதும் டைல்ஸ். கூடத்தின் நடுவில் மட்டும் கருநிறக் கார்ப்பெட் ஒன்று விரித்திருக்கிறோம். நீண்ட கூந்தலுடையவர்கள் இருவர் இருக்கிறோம். உதிரும் முடியில் தன் பங்கைச் சேர்க்கப் பூனை ஒன்றும் உண்டு.

விளம்பரங்களைப் படிக்கப் படிக்கக் குழப்பமே மிஞ்சுகிறது. ஒரு கருவிக்கு உறிஞ்சும் திறன் 4,000 பாஸ்கல் என்கிறார்கள். மற்றொன்றுக்கு 12,000 என்கிறார்கள். ஒன்றில் லேசர், ஒன்றில் கேமரா, ஒன்றில் இரண்டும். குப்பையைத் தானே காலி செய்துகொள்ளும் டாக் (ரோபோ சார்ஜ் ஏறத் திரும்பிவந்து நிற்கும் நிலையம்), ஈரத்துணியால் துடைக்கும் வசதி என ஒவ்வொன்றுக்கும் விலை ஏறிக்கொண்டே போகிறது. எந்த மாடலை வாங்கலாம் என்று நான் கேட்கவில்லை. மாடல்கள் அடிக்கடி மாறிவிடுகின்றன. எதை முதலில் பார்க்க வேண்டும், எதைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடலாம் என்பதைப் பயன்படுத்தி வருபவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1

விளம்பரங்களைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, அளவுநாடாவை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். கட்டில், சோஃபா, அலமாரி ஆகியவற்றின் அடியில் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. தலையில் லேசர் கோபுரம் உள்ள ரோபோக்கள் பெரும்பாலும் 9.5 முதல் 10 சென்டிமீட்டர் வரை உயரம் இருக்கும். கோபுரம் இல்லாதவற்றில் 8 சென்டிமீட்டருக்கும் குறைவானவை கிடைக்கின்றன. இடைவெளி மிகக் குறைவாக இருந்தால் ரோபோ முட்டிவிட்டுத் திரும்பிவிடும், அதனால் கெடுதல் ஏதுமில்லை. ஏறத்தாழ அதே உயரமாக இருக்கும்போதுதான் உள்ளே நுழைந்து செருகிக்கொண்டு, வெளியே வர வழியில்லாமல் உதவி கேட்டுக் குரல் கொடுக்கும். ஆகவே ஒரு சென்டிமீட்டராவது கூடுதல் இடைவெளி இருப்பது நல்லது.

அடுத்து, அறைகளுக்கு இடையிலான நிலைப்படிகளின் உயரம். சாதாரண ரோபோக்கள் ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் வரை ஏறிவிடும். அதற்கு மேல் இருந்தால், அதற்கென வடிவமைத்த மாடலைத் தேட வேண்டும், அல்லது சிறு சாய்தளம் வைக்க வேண்டும். டாக்கை வைப்பதற்கும் சுவரோரமாக, மின் இணைப்புக்கு அருகில், இருபுறமும் ஏறத்தாழ அரை மீட்டரும் முன்புறம் ஒரு மீட்டருக்கு மேலும் காலியான இடம் தேவை. நேரடியாக வெயில் படும் இடம் ஆகாது. ரோபோ டாக்கைக் கண்டுபிடிப்பது அகச்சிவப்புக் கதிர்களை வைத்துத்தான், வெயிலிலும் அதே கதிர்கள் இருப்பதால் அது தடுமாறும்.

வழி அறியும் முறையில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள் என்பது என் கருத்து. 2002-இல் வந்த ஐரோபோட் நிறுவனத்தின் முதல் ரூம்பா ரோபோ, முட்டிய இடத்திலிருந்து ஏதோ ஒரு திசையில் திரும்பி, போன இடத்திற்கே மீண்டும் மீண்டும் போய்த்தான் அறையைக் கூட்டி முடித்தது. 2010-இல் நியாட்டோ நிறுவனம் சுழலும் லேசரைக் கொண்டு அறையை அளந்து, நேர்கோடுகளாகக் கூட்டும் கருவியை வெளியிட்டது; இன்றைய லைடார் (லேசர் ஒளியால் தூரத்தை அளக்கும் முறை) ரோபோக்கள் அந்த வழியில் வந்தவையே. வீட்டின் வரைபடம் ரோபோவின் நினைவில் இருந்தால், சமையலறையை மட்டும் கூட்டு, பூனையின் தண்ணீர்க் கிண்ணத்திற்கு அருகில் போகாதே என்றெல்லாம் கட்டளையிடலாம். லைடாருக்கு இருட்டு ஒரு பொருட்டல்ல. கேமராவை மட்டும் நம்பி வழி காண்பவற்றுக்கு வெளிச்சம் வேண்டும். ஆனால் லேசர் சுழல்வது கோபுரத்தின் உயரத்தில் என்பதால், தரையில் கிடக்கும் காலுறையும் சார்ஜர் வயரும் அதன் கண்ணில் படுவதில்லை. அவற்றைக் கண்டு விலகுவதற்கு முன்புறக் கேமராவோ வேறு சென்சாரோ கூடுதலாக இருக்க வேண்டும்.

மறுமொழி 2

பாஸ்கல் கணக்கைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனெனில் பலரும் அதைப் பார்த்தே முடிவு செய்கிறார்கள். பாஸ்கல் என்பது அழுத்த வேறுபாட்டின் அளவு. பெரும்பாலும் காற்று போகும் வழியை அடைத்துவிட்டு அளந்த உச்ச மதிப்பையே விளம்பரத்தில் போடுகிறார்கள். தூசியைத் தூக்கிச் செல்வது காற்றின் ஓட்டம். அந்த எண்ணைப் பல நிறுவனங்கள் வெளியிடுவதே இல்லை. மேலும், 14.4 வோல்ட், 5,200 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரியில் இருப்பது சுமார் 75 வாட்-மணி ஆற்றல்தான். ஒன்றரை மணி நேரம் ஓடும் ரோபோவிற்குச் சராசரியாக 50 வாட்தான் கிடைக்கிறது. மோட்டார், சக்கரங்கள், பிரஷ், சென்சார்கள் எல்லாம் அதற்குள் இயங்க வேண்டும். வயர் இணைப்புள்ள வேக்குவம் கிளீனர்களோ பல நூறு வாட் எடுத்துக்கொள்கின்றன. விளம்பரத்தில் உள்ள பெரிய எண், பேட்டரி விரைவில் தீர்ந்துபோகும் உச்ச நிலைக்கு உரியது. டைல்ஸ் தரைக்கு அது தேவையே இல்லை. ரோபோவின் பலம் தினந்தோறும் சலிக்காமல் கூட்டுவதில் இருக்கிறது. கார்ப்பெட் நிறைந்த வீடாக இருந்தால் வேறு விதமாகச் சொல்லியிருப்பேன்.

உங்கள் வீட்டிற்கு நான் முதலில் பார்ப்பது பிரஷ்ஷைத்தான். தூரிகை மயிர் வைத்த பிரஷ்ஷில் நீண்ட கூந்தல் நூல்கண்டு போலச் சுற்றிக்கொள்ளும். நடுவில் சுற்றியதைக் கத்தரித்து எடுத்துவிடலாம். தொல்லை தருவது ஓரத்தில்தான். பிரஷ்ஷின் இரு முனைகளிலும் உள்ள மூடியைக் கழற்றிப் பார்த்தால், அச்சைச் சுற்றி முடியும் தூசியும் இறுகி, சாம்பல் நிற வளையமாக உட்கார்ந்திருக்கும். அதை ஊசிமுனையால் கிளறித்தான் எடுக்க வேண்டும். விட்டுவிட்டால் அச்சு சூடேறித் தேயும், மோட்டாருக்கும் சுமை கூடும். முன்புறச் சிறு சக்கரத்தையும் பிடுங்கிப் பாருங்கள், அங்கும் இதே கதைதான். ரப்பர் உருளைகள் உள்ளவற்றில் இந்தத் தொல்லை கணிசமாகக் குறைகிறது, முற்றிலும் நீங்குவதில்லை. கடையில் கேட்கும்போது, பிரஷ்ஷின் முனைகளைக் கருவி ஏதுமின்றிக் கழற்ற முடியுமா என்பதைக் கட்டாயம் கேளுங்கள்.

மறுமொழி 3

மேலே நண்பர் சொன்னவற்றுடன் உடன்படுகிறேன். தானே காலி செய்யும் டாக்கைப் பற்றி யாரும் சொல்லாததால் எழுதுகிறேன். ரோபோவின் குப்பைப் பெட்டி பெரும்பாலும் அரை லிட்டருக்கும் குறைவு. பூனை முடி எடை குறைவானாலும் இடத்தை அடைத்துக்கொள்ளும். பெட்டி நிறைந்தபின் ரோபோ ஓடுமே தவிரக் கூட்டாது. ஆகவே உங்களுக்குத் தானே காலி செய்யும் டாக் ஆடம்பரம் அல்ல. அதில் உள்ள பை ஏறத்தாழ 2.5 முதல் 3 லிட்டர் கொள்ளும். பையை மாற்றும் செலவு தொடர்ந்து இருக்கும். காலி செய்யும் அந்தச் சில விநாடிகளில் எழும் இரைச்சல், ரோபோ ஓடும் ஓசையைவிடப் பல மடங்கு அதிகம் என்பதால், படுக்கையறைச் சுவரை ஒட்டி வைக்காதீர்கள், இரவு நேரத்தில் காலி செய்யாதபடி செயலியிலும் அமைத்துவிடுங்கள்.

துடைக்கும் வசதியில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. ஈரத்துணியை வெறுமனே இழுத்துச் செல்பவை அழுக்கைப் பரப்புகின்றன என்றே சொல்வேன். சுழலும் துணிகளோ உருளையோ கொண்டு, அவ்வப்போது டாக்கிற்குத் திரும்பி அவற்றை அலசிக்கொள்பவை பரவாயில்லை. ஆனால் அழுக்குநீர்த் தொட்டியை நீங்கள்தான் கழுவ வேண்டும், தள்ளிப்போட்டால் நாற்றம் எடுக்கும். கார்ப்பெட் இருப்பதால், அதன்மேல் ஏறும்போது துணியைத் தூக்கிக்கொள்ளும் மாடலாக இல்லாவிட்டால் வாங்காதீர்கள்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. பாஸ்கலைப் பற்றிய விளக்கத்திலேயே பாதிக் குழப்பம் தீர்ந்துவிட்டது. எஞ்சியவை இரண்டு ஐயங்கள். கருநிறக் கார்ப்பெட்டின் மேல் ரோபோ ஏறுவதில்லை என்று எங்கோ படித்தேன், அது உண்மையா? கேமரா உள்ள கருவியை வீட்டிற்குள் விடுவது சரியா?

மறுமொழி 4

முதல் ஐயம் நியாயமானது. ரோபோவின் அடியில் உள்ள சென்சார்கள் அகச்சிவப்புக் கதிரைத் தரைக்கு அனுப்பி, அது திரும்பி வருகிறதா என்று பார்க்கின்றன. படிக்கட்டின் விளிம்பில் கதிர் திரும்பி வராது, ரோபோ பின்வாங்கும். அடர்ந்த கருநிறமும் கதிரை விழுங்கிவிடுவதால், அதைப் பள்ளம் என்று எண்ணிச் சில ரோபோக்கள் நின்றுவிடுகின்றன. எல்லாக் கருவிகளும் அப்படியல்ல. சிலவற்றில் செயலியிலேயே இந்தச் சென்சாரை நிறுத்திவைக்க முடியும். சென்சாரின் மேல் காகிதம் ஒட்டுபவர்களும் உண்டு. படி இல்லாத உங்கள் வீட்டில் அதனால் ஆபத்தில்லை என்றாலும், திருப்பிக் கொடுக்கும் கால வரம்பிற்குள் அந்தக் கார்ப்பெட்டில் ஓடவிட்டுப் பார்ப்பதே சிறந்த வழி.

கேமராவைப் பொறுத்தவரை அச்சம் வீண் அல்ல. சோதனைக்காகக் கொடுக்கப்பட்ட ரூம்பா கருவிகள் வீடுகளுக்குள் எடுத்த படங்கள், அவற்றை வகைப்படுத்தும் பணியாளர்கள் வழியாக வெளியே கசிந்த செய்தி 2022-இல் வந்தது. அவை கடையில் விற்ற கருவிகள் அல்ல. ஆயினும் படங்கள் கருவியிலேயே அலசப்படுகின்றனவா, நிறுவனத்தின் சர்வருக்குப் போகின்றனவா என்று கேட்டறிவது நல்லது. எனக்கு அதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. மேலே குறிப்பிட்ட நியாட்டோ நிறுவனமே 2023-இல் மூடப்பட்டது. வரைபடமும் கால அட்டவணையும் நிறுவனத்தின் சர்வரை நம்பியிருந்தால், சர்வர் நின்ற நாளில் அவையும் நின்றுவிடும். எனவே இணையம் இல்லாதபோது கருவியில் உள்ள பொத்தானை அழுத்தினால் கூட்டுகிறதா என்றும், பேட்டரி, பக்கவாட்டு பிரஷ், ஃபில்டர் ஆகியவை தனித்தனியாக விற்கப்படுகின்றனவா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான ரோபோக்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டுமே இணையும். உங்கள் ரௌட்டரில் அது அணைக்கப்பட்டிருந்தால் முன்கூட்டியே இயக்கிவிடுங்கள்.