இரண்டு பாடங்களை விடலாமா? – எங்கள் குடும்பக் குழுவில் ஒரு மாலை

தம்பி: அக்கா, இந்த மூன்றாம் செமஸ்டரில் எனக்கு ஐந்து பாடங்கள். புள்ளியியலும் தரவுத்தளமும் கைமீறிப் போய்விட்டதால், இரண்டையும் விட்டுவிட்டு மற்ற மூன்றையும் நல்ல மதிப்பெண்ணோடு முடிக்கலாம் என்று நினைக்கிறேன். பாடத்தை விடுவதற்கு நாளை மறுநாள் கடைசி நாள்.

சித்தி: விட்டுவிடு கண்ணா. தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு படிக்க வேண்டாம்.

அக்கா: சித்தி, சற்றுப் பொறுங்கள். தம்பி, இப்போதைக்கு எந்தப் பொத்தானையும் அழுத்திவிடாதே. கனடாவில் படிப்பு முடிந்தபின் தரும் ஒர்க் பெர்மிட்டைப் பெற, படிப்பின் ஒவ்வொரு செமஸ்டரிலும் நீ முழுநேர மாணவனாக இருந்திருக்க வேண்டும்; கடைசி செமஸ்டருக்கு மட்டும் விலக்கு உண்டு. மூன்று பாடங்கள் படித்தால் உன் கல்லூரி உன்னை முழுநேர மாணவனாகக் கருதுமா?

தம்பி: அதை நான் கேட்கவில்லை. பாதிக்கு மேல் இருந்தால் போதும் என்று நினைத்துக்கொண்டேன்.

பெரிய மாமா: இரண்டாண்டுப் படிப்புக்கு மூன்றாண்டு ஒர்க் பெர்மிட் கிடைக்கும் என்று சொன்னாயே அம்மா. நடுவில் ஒரே ஒரு செமஸ்டர் குறைந்ததற்காக அத்தனையையும் மறுப்பார்களா?

அக்கா: மறுக்க இடமிருக்கிறது மாமா. விண்ணப்பத்தோடு மதிப்பெண் பட்டியலையும், படிப்பை முடித்ததற்கான கல்லூரிக் கடிதத்தையும் கேட்கிறார்கள். எந்தச் செமஸ்டரில் எத்தனை பாடங்கள் என்பது அந்தப் பட்டியலில் வரிவரியாக இருக்கும். கடைசி நாளுக்குள் முறைப்படி விட்ட பாடத்துக்கு எதிரே பெரும்பாலும் ‘டபிள்யூ’ என்ற ஒற்றை எழுத்து நிற்கும். படித்துப் பார்க்கும் அதிகாரிக்கு அதற்குமேல் எதுவும் தேவையில்லை. 2020இல் கொரோனா காலத்தில் பகுதிநேரமாகப் படித்தவர்களுக்குச் சலுகை தந்தார்கள். அந்தக் கதையை இன்றும் விதியைப் போல எடுத்துச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள்; நம்பிவிடாதீர்கள்.

தம்பி: என் அறைத்தோழர் சென்ற செமஸ்டரில் ஒரே ஒரு பாடம்தான் படித்தார். அவருக்கு ஒர்க் பெர்மிட் வந்துவிட்டதே?

அக்கா: அது அவருடைய கடைசி செமஸ்டராக இருந்திருக்கும். எனக்கும் கடைசியில் இரண்டு பாடங்களே மிச்சமிருந்தன. அதற்கு முந்தைய செமஸ்டர்கள் எல்லாம் முழுநேரமாக இருந்ததால் சிக்கல் வரவில்லை. உனக்கு இது கடைசிக்கு முந்தையது.

தம்பி: பாடம் குறைந்தால் கடையில் கூடுதலாக வேலை செய்யலாம் என்றும் கணக்குப் போட்டிருந்தேன்.

அக்கா: அது இதைவிடப் பெரிய குழி. வாரத்துக்கு 24 மணி நேரம் என்பது முழுநேர மாணவர்களுக்கான வரம்பு. நடுச் செமஸ்டரில் பகுதிநேரத்துக்கு இறங்கிவிட்டால், வளாகத்துக்கு வெளியே ஒரு மணி நேரம்கூட வேலை செய்யக் கூடாது. உண்மையிலேயே உடம்புக்கு முடியவில்லை என்றால், கல்லூரி ஒப்புதலோடு 150 நாள்வரை விடுப்பு எடுக்க வழியுண்டு. ஆனால் அந்த நாள்களிலும் வேலைக்குப் போக முடியாது.

சித்தி: அப்படியானால் பிள்ளை தேறாமல் போனால் என்ன செய்வது?

அக்கா: சொன்னால் வியப்பாக இருக்கும் சித்தி. இந்த ஒர்க் பெர்மிட்டைப் பொறுத்தவரை, ஐந்தையும் எழுதி ஒன்றில் தோற்பது, இரண்டை விட்டுப் பகுதிநேரமாவதைவிட மேல். தோற்ற பாடத்தை நான்காவதற்குப் பின் வரும் செமஸ்டரில் தனியாகப் படித்தால், அதுவே அவனுடைய கடைசி செமஸ்டர் ஆகிவிடும். அங்கே பகுதிநேரம் செல்லும். தம்பி, எத்தனை பாடங்கள் இருந்தால் முழுநேரம் என்று பதிவாளர் அலுவலகத்துக்கு இப்போதே மின்னஞ்சல் அனுப்பு. ஒவ்வொரு கல்வி நிறுவனமும் தனித்தனியாகக் கோடு போட்டிருக்கும் என்பதால், தொலைபேசியில் கேட்டு நிறுத்திக்கொள்ளாமல் எழுத்தில் வாங்கு.

(மறுநாள்)

தம்பி: பதில் வந்துவிட்டது அக்கா. நான்கு பாடங்கள் என்றால் முழுநேரம், மூன்று என்றால் பகுதிநேரம். ஆகவே புள்ளியியலை மட்டும் விடுகிறேன். நான்காம் செமஸ்டர் ஏப்ரலில் முடிகிறது. மே மாதம் தொடங்கும் செமஸ்டரிலும் அந்தப் பாடத்தை நடத்துகிறார்களாம்.

பெரிய மாமா: ஒரு பாடத்தில் இவ்வளவு அடங்கியிருக்கிறது என்பது எனக்கு இப்போதுதான் விளங்குகிறது.

அக்கா: நல்லது. உன் ஸ்டடி பெர்மிட் எதுவரை செல்லும்?

தம்பி: ஆகஸ்ட் 31 வரை. அந்தச் செமஸ்டர் ஆகஸ்ட் நடுவிலேயே முடிந்துவிடும்.

அக்கா: வகுப்பு முடிவதை வைத்துக் கணக்கிடாதே. முடித்ததற்கான உறுதி கிடைத்ததிலிருந்து 180 நாள்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அந்த 180 நாள்களுக்குள் ஏதாவது ஒரு நாளாவது உன் ஸ்டடி பெர்மிட் செல்லுபடியாக இருக்க வேண்டும். கல்லூரிக் கடிதம் செப்டம்பரில் வந்தால் நீ மாட்டிக்கொள்வாய். ஜூன் மாதமே நீட்டிப்புக்கு விண்ணப்பித்துவிடு. பதிவாளர் அனுப்பிய மின்னஞ்சலையும் கோப்பாகச் சேமித்து எனக்கொரு பிரதி அனுப்பு.

தம்பி: அனுப்பிவிட்டேன். கடை மேலாளரிடமும் கூடுதல் நேரம் முடியாது என்று சொல்லிவிட்டேன்.