மகளுக்கு வியாழக்கிழமை பல்லுக்குக் கம்பி, இப்போதே சாப்பிடுகிறாள் இல்லை. உதவுங்கள்

கோண்டாவில்_அம்மா · ஞாயிறு, இரவு 9.52
எல்லோருக்கும் வணக்கம். அவசரமாக எழுதுகிறேன். வருகிற வியாழன் மகளுக்குப் பல்லுக்குக் கம்பி கட்டுகிறார்கள். நேற்று இரவில் இருந்து பிள்ளை ஒன்றும் சாப்பிடுகிறாள் இல்லை. இரண்டு பக்கக் கொடுப்பும் நோகிறதாம். பாண் கடித்தாலே கண் கலங்குகிறது. கட்டுவதற்கு முதலே இப்படியென்றால் கட்டின பிறகு என்ன செய்வேன்? என்னென்ன ஆயத்தம் செய்து வைக்கவேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் கெதியாகச் சொல்லுங்கள்.

சுன்னாகம்77 · ஞாயிறு, இரவு 10.05
பிள்ளைக்கு எத்தனை வயது? கழற்றிப் பூட்டுகிற பிளேட்டா, பல்லில் ஒட்டுகிற கம்பியா? பல் ஏதும் பிடுங்கினார்களா?

மானிப்பாய்_அப்பா · ஞாயிறு, இரவு 10.11
அக்கா, இது பயம். வேறொன்றும் இல்லை. என் மகனும் கம்பிக்கு முதல் கிழமை முழுக்கச் சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தான். வகுப்பில் ஏற்கெனவே கம்பி போட்ட பிள்ளை ஒன்றோடு கதைக்க விட்டேன், அடுத்த நாளே தெளிந்துவிட்டான். மகளின் வகுப்பில் யாராவது இருந்தால் வீட்டுக்குக் கூப்பிடுங்கள்.

வடமராட்சியான் · ஞாயிறு, இரவு 10.30
பயத்துக்கு இரண்டு கொடுப்பும் நோகுமா? சூத்தை இருக்கும். சூத்தையை அடைக்காமல் கம்பி கட்டினால் உள்ளே அரித்துக்கொண்டே போகும். கராம்பு எண்ணெய் பஞ்சில் தொட்டு வையுங்கள், காலையில் நோ நிற்கும்.

நல்லூர்_வடக்கு · ஞாயிறு, இரவு 10.48
பல்லுக் கம்பி பற்றி இங்கே எத்தனையோ முறை எழுதியாகிவிட்டது. ஒருவரும் பழைய இழைகளைத் திறந்து பார்ப்பதில்லை. சகோதரி, உதவி கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. வயது, என்ன வகைக் கம்பி, கடைசியாக டொக்டரிடம் போன நாள், அன்று என்ன செய்தார்கள்: இந்த நான்கும் இல்லாமல் எழுதினால் வருகிற பதிலெல்லாம் குருடர் யானை பார்த்த கதைதான். இதைப் பல வருடமாகச் சொல்லி வருகிறேன்.

கோண்டாவில்_அம்மா · திங்கள், காலை 6.20
மன்னிக்கவும். வயது 13. ஒட்டுகிற கம்பி. பல் இன்னும் பிடுங்கவில்லை, மேலே இரண்டு பிடுங்கவேண்டி வரலாம் என்றார். வெள்ளிக்கிழமை போனபோது பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. கொடுப்புப் பற்களுக்கு நடுவில் நீல நிறத்தில் சின்ன ரப்பர் வளையம் நாலு விட்டார்கள், அவ்வளவுதான். சூத்தை எல்லாம் போன மாதமே அடைத்தாயிற்று.

பழைய_பல்நர்ஸ் · திங்கள், காலை 7.15
தங்கச்சி, அந்த நாலு வளையமும்தான் நோவுக்குக் காரணம்.

கடைசிக் கொடுப்புப் பல்லைச் சுற்றி ஓர் உலோகப் பட்டி போடுவார்கள், கம்பியின் நுனி அதில்தான் பூட்டுப்படும். ஆனால் கொடுப்புப் பற்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நிற்பவை, பட்டி நுழைய இடம் இல்லை. அதனால் வளையத்தை இழுத்து மெல்லியதாக்கி நடுவில் விடுகிறார்கள். அது திரும்பத் தன் தடிப்புக்கு வரப் பார்க்கும்போது இரண்டு பல்லையும் மெதுவாகத் தள்ளும். ஒரு கிழமைக்குள் பட்டிக்குப் போதுமான இடம் கிடைத்துவிடும். பிள்ளைக்கு எந்த நேரமும் இறைச்சி நார் சிக்கினதுபோல இருக்கும், கடித்தால் நோகும். முதல் இரண்டு நாள்தான் கூட. இன்று நாளைக்குள் தணியும்.

பல்லுக் குத்தவேண்டாம், நூல் விடவேண்டாம், ரொபியும் சுவிங்கமும் வேண்டாம், வளையத்தை இழுத்துக்கொண்டு வந்துவிடும். நோவுக்குப் பனடோல் கொடுக்கலாம், பிள்ளையின் நிறைக்கு எவ்வளவு என்று பார்மசியில் கேட்டுக்கொள்ளுங்கள். அஸ்பிரின் கலந்த குளிசை இந்த வயதில் கூடாது. தம்பி வடமராட்சியான் கோபிக்கவேண்டாம், கராம்பு எண்ணெய் பல் முரசைச் சுட்டுப் புண்ணாக்கும். அந்த நோவையும் சேர்த்துச் சுமக்க வைக்காதீர்கள்.

இன்னொன்று. கவரிங் தோடு போட்டால் பிள்ளைக்குக் காது கடித்துப் புண்ணாகுமா? கம்பியில் நிக்கல் உண்டு, அப்படியென்றால் முதலே சொல்லவேண்டும். பிறந்ததில் இருந்து இதயத்தில் ஏதாவது குறை இருந்ததா, சின்ன வயதில் மூட்டுவாதக் காய்ச்சல் வந்ததா, தொய்வுக்கு மருந்து எடுக்கிறாளா, இவையும் அப்படித்தான். டொக்டர் கேட்காவிட்டாலும் நீங்கள் சொல்லுங்கள்.

அரியாலையூர் · திங்கள், காலை 8.02
மேல் பல் இரண்டு பிடுங்குவதை ஒருவரும் கவனிக்கவில்லையா? நல்ல பல்லை ஏன் பிடுங்கவேண்டும்? மேல் பல் பிடுங்கினால் கண் பார்வை போகும் என்று எங்கள் ஆச்சி சொல்வா. என் மாமாவுக்குப் பிடுங்கின அடுத்த வருடமே கண்ணாடி போட்டார்கள். கண்ணால் கண்டது.

பழைய_பல்நர்ஸ் · திங்கள், காலை 8.40
மாமாவுக்கு அப்போது ஐம்பது தாண்டியிருக்குமே? அந்த வயதில் பல்லும் ஆடும், எழுத்தும் மங்கும், இரண்டும் ஒரே காலத்தில் வருகிறவை. பல்லின் நோவைக் கொண்டுபோகிற நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு. பாடசாலைப் பற்சிகிச்சை நிலையத்தில் என் கையால் எத்தனை பிள்ளைகளுக்கு மேல் பல் எடுத்திருப்பேன், ஒரு பிள்ளைக்கும் கண்ணுக்கு ஒன்றும் வரவில்லை. இந்தப் பயத்தால் சூத்தைப் பல்லை வைத்துக்கொண்டு முகம் வீங்கி வந்த பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

தாடை சின்னது, பல் பெரிது என்றால் எல்லாப் பல்லும் வரிசையில் நிற்க இடம் போதாது. மேல் வரிசை நன்றாக மிதந்திருந்தால் பின்னுக்குக் கொண்டுவரவும் இடம் வேண்டும். அப்போது வேட்டைப்பல்லுக்குப் பின்னால் நிற்கிற முன்கடைவாய்ப்பல்லை எடுப்பார்கள். எல்லாப் பிள்ளைக்கும் தேவைப்படாது. தலைப் பக்கப் படமும், வாயை முழுக்கக் காட்டுகிற எக்ஸ்ரேயும், அச்செடுத்த மாதிரியும் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். ஏன் பிடுங்கவேண்டும் என்று அந்தப் படத்தைக் காட்டிக் கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

கொக்குவில்_ரீச்சர் · திங்கள், பிற்பகல் 2.30
என் மகளுக்கு இரண்டு வருடம் நாலு மாதம் கம்பி இருந்தது. போன தை மாதம்தான் கழற்றினோம், இப்போது இரவில் பிளேட் போட்டுப் படுக்கிறாள். அது போடாவிட்டால் பல் திரும்பத் தன் பழைய இடத்துக்குப் போய்விடும்.

கம்பி போட்ட அன்றும் அடுத்த இரண்டு மூன்று நாளும்தான் நோ. பால்கஞ்சி, குழைத்த சோறு, இடியப்பத்தைச் சொதியில் நன்றாக ஊறவிட்டது, அவித்த முட்டை, மீன் பிசைந்தது, இவை போதும். குளிர்ந்த தயிர் கொடுத்துப் பாருங்கள். முதல் கம்பி வாய்ச் சூட்டில்தான் இறுகும், குளிர் பட்டால் பிடி கொஞ்சம் தளரும். மகள் ஐஸ் தண்ணீர் போத்தலோடுதான் திரிந்தாள்.

பிறஷ் பண்ணுவதை இன்றைக்கே பழக்குங்கள், கம்பி போட்ட பிறகு நோவோடு பழக்க முடியாது. கண்ணாடிக்கு முன்னால் நின்று, கம்பிக்கு மேல் பக்கம் சாய்த்து ஒரு தரம், கீழ்ப் பக்கம் சாய்த்து ஒரு தரம். பிறகு போத்தல் கழுவுகிற பிறஷ்ஷின் குட்டி மாதிரி ஒன்று விற்கிறது, அதைக் கம்பிக்கு அடியால் மேலிருந்து கீழாக விட்டு எடுக்கவேண்டும். முதல் நாள் என் மகளுக்கு இருபது நிமிடம் பிடித்தது, நான் பக்கத்தில் நின்றேன். கழுவின தண்ணீரில் கறிவேப்பிலைத் துண்டு வந்தது. அதை அவளே கண்டதால் பிறகு நான் சொல்லவேண்டி வரவில்லை. இதை விட்டால் கம்பி கழற்றும்போது பல்லில் சுண்ணாம்பு பூசினதுபோல வெள்ளைப் புள்ளி நிற்கும், அது லேசில் போகாது.

கம்பி கன்னத்தில் உரசினால் ஒட்டுகிற மெழுகு தருவார்கள், தராவிட்டால் கேட்டு வாங்குங்கள். பல்லில் ஒட்டுகிற பொட்டோடு கம்பியைக் கட்டுகிற நிற ரப்பர் எது வேண்டும் என்று கேட்டால் வெள்ளை வேண்டாம், மஞ்சள் போட்ட கறி இரண்டு நேரம் சாப்பிட்டால் நிறம் மாறிவிடும்.

கச்சான், பருத்தித்துறை வடை, புழுக்கொடியல் மூன்றையும் வீட்டிலேயே வைக்காதீர்கள். போன முறை நல்லூர்த் திருவிழாவில் ஒரு சுருள் கச்சான், இரண்டு பொட்டுக் கழன்றது.

கோண்டாவில்_அம்மா · திங்கள், பிற்பகல் 3.10
ரீச்சர் மிக்க நன்றி. கொடி ஏறியதில் இருந்து வீட்டில் மச்சம் இல்லை, முட்டையும் இல்லை. தீர்த்தம் முடியும்வரை மரக்கறிதான். வெள்ளைச் சொதியும் கஞ்சியும் காணுமா?

கொக்குவில்_ரீச்சர் · திங்கள், பிற்பகல் 3.25
தாராளமாகக் காணும். பருப்பைக் கரைய அவித்துச் சோற்றோடு பிசையுங்கள், உழுத்தங்களி கிண்டுங்கள், தயிர் விடுங்கள். வளர்கிற பிள்ளை, வெறும் கஞ்சியோடு விடவேண்டாம்.

வடமராட்சியான் · திங்கள், மாலை 5.44
கராம்பு பற்றிச் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் வடையை ஏன் கச்சானோடு சேர்க்கிறீர்கள்? எங்கள் பக்கத்தில் பல்லில்லாத கிழவர்களே சாப்பிடுகிறார்கள். தேத்தண்ணிக்குள் போட்டு இரண்டு நிமிடம் விட்டால் பஞ்சு.

நல்லூர்_வடக்கு · திங்கள், மாலை 6.02
தேத்தண்ணியில் ஊறினது வடை அல்ல. உடைகிற சத்தம் கேட்கவேண்டும், அதற்குத்தான் அதை அவ்வளவு மெல்லியதாகத் தட்டுகிறார்கள்.

வடமராட்சியான் · திங்கள், மாலை 6.10
தட்டுகிற ஊரில் பிறந்தவனுக்கு நீங்கள் சொல்லித் தரவேண்டாம் அண்ணை. மாரி காலத்தில் எங்கள் வீட்டில் ஊறவைத்துத்தான் தின்போம். புழுக்கொடியலும் அப்படித்தான். கடிக்க ஏலாவிட்டால் இடித்து மாவாக்கித் தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டுக் கொடுக்கலாம்.

கொக்குவில்_ரீச்சர் · திங்கள், மாலை 6.31
ஊறின வடையிலும் பெருஞ்சீரகம் ஊறாது தம்பி. அது போய்க் கம்பிக்கு அடியில் இருந்துகொள்ளும். புழுக்கொடியல் மா ஒத்துக்கொள்கிறேன், வாயை உடனே கழுவினால் சரி.

கோண்டாவில்_அம்மா · திங்கள், இரவு 8.55
நோ குறைந்து இரவு இடியப்பம் மூன்று சாப்பிட்டாள். ஆனால் இப்போது பார்த்தால் வளையம் மூன்றுதான் இருக்கிறது. இடது பக்கம் மேலே உள்ளதைக் காணவில்லை. விழுங்கிவிட்டாளோ?

மானிப்பாய்_அப்பா · திங்கள், இரவு 9.03
வாழைப்பழம் கொடுங்கள், போய்விடும். வியாழன்தானே கம்பி, அதுவரை பார்க்கலாம்.

பழைய_பல்நர்ஸ் · திங்கள், இரவு 9.20
வியாழன்வரை வைத்திருக்கவேண்டாம். விழுங்கியிருந்தால் பெரும்பாலும் தானாகவே வெளியே போய்விடும். திடீரென்று இருமல், மூச்சு இழுப்பு என்றால் மட்டும் உடனே ஆஸ்பத்திரி. ஆனால் விழுந்ததை ஒருவரும் காணவில்லையென்றால் முரசுக்குள் இறங்கியும் இருக்கலாம். இறங்கினது அங்கேயே தங்கினால் பல்லைத் தாங்குகிற எலும்பைப் பழுதாக்கும். நாளைக் காலை கிளினிக்குக்கு அழைப்பு எடுத்து, எந்தப் பக்கம், எப்போது கண்டீர்கள் என்று சொல்லுங்கள். வீட்டில் ஊசியோ குச்சியோ விட்டுத் தேடவேண்டாம்.

நல்லூர்_வடக்கு · திங்கள், இரவு 9.34
நர்ஸ் அம்மா சொன்னதைச் செய்யுங்கள். முதல் பதிவிலேயே வளையத்தைச் சொல்லியிருந்தால் ஓர் இரவு மிஞ்சியிருக்கும். பிள்ளை நோகாமல் இருக்கவேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

சுன்னாகம்77 · புதன், மாலை 4.15
என்ன நடந்தது? போனீர்களா?

கோண்டாவில்_அம்மா · வியாழன், இரவு 8.20
செவ்வாயே வரச் சொன்னார்கள். வளையம் முரசுக்குள்தான் இருந்தது, எடுத்துவிட்டுப் புதிது விட்டார்கள். இன்று மேல் வரிசைக்குக் கம்பி போட்டாயிற்று. கடும் நீல ரப்பர் கேட்டு வாங்கினாள். வெள்ளைச் சொதியும் இடியப்பமும் சாப்பிட்டுவிட்டு இப்போது கண்ணாடிக்கு முன்னால் குட்டிப் பிறஷ்ஷோடு நிற்கிறாள், நான் பக்கத்தில் நிற்கப் போகிறேன். எல்லோருக்கும் நன்றி.

அரியாலையூர் · வியாழன், இரவு 8.41
சந்தோஷம். மேல் பல் இரண்டும் பிடுங்குவதா இல்லையா, அதற்கு என்ன சொன்னார்?