எண்ணெய்க் குழாய் மாந்தோப்புக்குள் வந்தால் இழப்பு எவ்வளவு?

கேள்வி (பாலக்கோட்டான்):
2 ஏக்கர், பாதி பெங்களூரா மா, பாதி கடலை. 20 மீட்டர் அகலத்தில், 60 மீட்டர் நீளத்துக்குப் பெட்ரோலியக் குழாய் போகுதுன்னு கல் நட்டிருக்காங்க. பட்டா நம்ம பேரிலேயே இருக்குமாம், நில மதிப்பில் 10 சதவீதம் பணமும் உண்டாம். அப்போ இழப்பு பெருசா இருக்காதுதானே?

பதில் 1 (சிட்டா அடங்கல்):
பட்டா இருக்கும், மரம் இருக்காதுங்க. 1962 குழாய்ச் சட்டம் 9ஆம் பிரிவுப்படி அந்த 20 மீட்டர் அகல நிலத்தில் வீடு, கிணறு, குட்டை கூடாது, மரமும் நடக்கூடாது. கடலை, ராகி போடலாம்.

உங்க கணக்கு 1,200 ச.மீ., ஏறக்குறைய 30 சென்ட். சென்ட் 20,000 ரூபாய்னு வெச்சா மதிப்பு 6 லட்சம், 10 சதவீதம் 60,000. அதுவும் குழாய் போடப் போறோம்னு சொல்லும் 3ஆம் பிரிவு அறிவிப்பு வந்த தேதியின் சந்தை மதிப்புதான். பயிர், மரம், போர் லைன் சேதத்துக்கான இழப்பீடு இதில் சேராது, தனி. இரண்டையும் ஒண்ணாக்கிக் காட்டினால் கையெழுத்துப் போடாதீங்க. 10 மீட்டர் இடைவெளின்னா 12 மரம் போகும். ஒவ்வொண்ணின் வயசையும் காய்ப்பையும் அளவை மகஜரில் (இடத்தைப் பார்த்து எழுதும் பதிவு) எழுத வைங்க. அடங்கலில் (விஏஓ வைக்கும் பயிர்க் கணக்கு) மா பதிவாகலைன்னா முதல்ல விஏஓவைப் பாருங்க.

ஆட்சேபணைக்கு 21 நாள். அரசிதழ் அறிவிப்பு மக்கள் பார்வைக்கு வந்த நாளிலிருந்து ஓடும், உங்க கைக்கு நோட்டீஸ் வந்த நாளிலிருந்து இல்லை. தொகை ஒத்துவரலைன்னா மாவட்ட நீதிபதிகிட்ட மனு போடலாம். காவிரி டெல்டாவைக் காக்கும் 2020 வேளாண் மண்டலச் சட்டம் நம்ம தர்மபுரிக்குக் கிடையாது, அதை நம்பி உட்கார வேண்டாம்.

பதில் 2 (செம்மண்):
பணத்தைவிட மண்ணைப் பாருங்க. மேல்மண்ணைத் தனியாகக் குவிச்சு, கடைசியில்தான் மேலே பரப்பணும். அவசரத்தில் அடியிலிருக்கும் சரளையையும் சுக்கானையும் (சுண்ணாம்புக் கல்) மேலே தள்ளிட்டுப் போயிடுவாங்க. அந்த மண்ணில் கடலை விழுது இறங்காது. இயந்திரம் ஓடின இடம் இறுகிக் கிடக்கும், உளிக்கலப்பை போட்டே ஆகணும். மூடின பள்ளம் முதல் மழையில் இறங்கும். வரப்பு அறுந்து தண்ணி அதே கோட்டில் ஓடும். அதனால மண் சரிசெய்த சான்றில் மழைக்கு முன்னாடி கையெழுத்து வேண்டாம். வேலை தொடங்கும் முன்பே சொட்டுநீர் லைன், போர் பைப் போகும் இடமெல்லாம் தேதியோட படம் எடுத்து வைங்க. குழாய்க்கு மேல் குறைந்தது 1 மீட்டர் மண் இருக்கணும், அதே 1962 சட்டத்தின் 7ஆம் பிரிவு.

பாலக்கோட்டான்:
கடலைப் பாதி குத்தகையில் இருக்கு. அந்தப் பணம் யாருக்கு?

பதில் 1 (சிட்டா அடங்கல்):
பயிர்ச் சேதம் பயிர் வெச்சவருக்கு. 10 சதவீதம் நில உரிமையாளருக்கும், நில அனுபவ உரிமை பாதிக்கப்பட்ட மற்றவருக்கும். வாய்மொழிக் குத்தகைன்னா இப்பவே எழுதி, மகஜரில் அவர் பேரையும் சேர்த்துடுங்க. இல்லைன்னா பட்டாதாரர் பேருக்கே மொத்தக் காசோலையும் வரும்.